பதற்றத்துக்கு மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா?

வீரவநல்லூர் சித்தி திருநெல்வேலி வரும் பஸ்ஸில், பத்தமடை தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மூச்சு முட்டியது, கை மரத்தது, உயிர் போய்விடும் என்றே நினைத்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், தைராய்டும் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அது பீதித் தாக்குதல், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே தணிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் சித்தி பஸ் ஏறவில்லை. சுடலைமாடன் கோயில் திருநீறு அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றதில்தான் அந்த எட்டு மாதமும் போயிற்று.

மாத்திரையில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை பலன் தர 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டலும் படபடப்பும் கூடலாம். பலர் அப்போதே விட்டுவிடுகிறார்கள். அல்பிரசோலம் சீக்கிரமே அமைதி தரும், ஆனால் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. எந்த மாத்திரையானாலும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

பேச்சுச் சிகிச்சையில் ஒரு வகை, சி.பி.டி. எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. இது மெதுவானது. வாரம் ஒருமுறை, ஏறக்குறைய 12 முதல் 16 அமர்வுகள். என் மனம் இதன் பக்கம்தான். பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற முறை இது. சித்தி முதல் வாரம் நிறுத்தத்தில் நின்று பஸ் போவதை மட்டும் பார்த்தார். பிறகு சேரன்மகாதேவி வரை, அப்புறம் பத்தமடை வரை. எப்போதும் மடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருப்பார். ஐந்தாவது அமர்வில், "அடுத்த முறை பாட்டில் வேண்டாம்" என்றார் உளவியலாளர். உயிரைக் காப்பது அந்தப் பாட்டில்தான் என்று மனம் நம்பியிருந்ததாம். அன்று சித்தி அழுதுவிட்டார். ஆனாலும் வெறுங்கையோடு போய் வந்தார்.

தூக்கமே இல்லாமல், வேலைக்குப் போக முடியாமல் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படலாம். அதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எங்கே போவது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் பேச நேரம் கூடுதலாகக் கிடைக்கும், கட்டணமும் கூடும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. சித்தியைப் போலப் பஸ் ஏறவே முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வாராவாரச் சிகிச்சைக்கு அது ஈடாகாது என்றாலும், வீட்டில் இருந்தபடியே முதல் அடி வைக்க உதவும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர் இந்த ஒப்பீட்டையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றிரவே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.