பழைய செரோக்கிக்கு மேனுவல் கியர்: ஏஎக்ஸ்15-ஆ, என்வி3550-ஆ?

ஆட்டோமேட்டிக்கோடு வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்ஜேயை மேனுவலுக்கு மாற்ற முடிவு பண்ணியாச்சு என்றால், அடுத்த கேள்வி எந்த கியர்பாக்ஸ் என்பதுதான். 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு கம்பெனியே மூன்று வகை போட்டிருக்கிறது. மூன்றுக்கும் ஐந்து கியர். 1987-ல் வந்தது பியூஜோவின் பிஏ10/5. 1989 நடுவிலிருந்து 1999 வரை ஐசினின் ஏஎக்ஸ்15. கடைசியாக 2000, 2001 மாடல்களில் நியூ வென்ச்சர் கியரின் என்வி3550. என் 1995 மாடலுக்கு நான் போட்டது ஏஎக்ஸ்15, அதிலும் 1994-க்குப் பிறகு வந்த வகை. இன்னொரு எக்ஸ்ஜே கைக்கு வந்தாலும் அதையேதான் தேடுவேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியோடு வரும் ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக் நல்ல உழைப்பாளி. அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், ‘மேனுவல்தான் உறுதி’ என்று யாரோ சொன்னதற்காக அதைக் கழற்ற வேண்டாம். மேனுவலின் லாபம் இறக்கத்தில்தான் தெரியும். ஏடபிள்யூ4-ன் முதல் கியர் விகிதம் 2.80, ஏஎக்ஸ்15-க்கு 3.83. முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் என்பி231 ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.72. ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 3.55 விகித ஆக்ஸிலும், மேனுவல் வண்டிகளுக்கு 3.07-ம் கொடுத்தார்கள். அதனால் ஆட்டோமேட்டிக்கை மாற்றுகிறவருக்கு ஒரு அதிர்ஷ்டம்: 3.55 ஆக்ஸில் அப்படியே இருக்க, முதல் கியர், லோ, ஆக்ஸில் மூன்றையும் பெருக்கிய மொத்த விகிதம் 27-லிருந்து 37-க்கு ஏறிவிடும். கம்பெனி மேனுவலில் இதே கணக்கு 32-தான். செங்குத்தான சரிவில் பிரேக்கைத் தொடாமல் லோ முதல் கியரில் விட்டால், வண்டி எஞ்சின் பிடியிலேயே இறங்குகிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிஏ10/5 பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இந்த எஞ்சினின் இழுவைக்குத் தாங்காது என்று பெயரெடுத்த பெட்டி. சும்மா கிடைத்தாலும் இவ்வளவு வேலை செய்து அதை மாட்டுவதில் அர்த்தமில்லை. 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் வண்டியின் ஏஎக்ஸ்5-ம் அதே கதை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பெட்டி சிறியது, அதை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் என்ற கூடு 4.0 எஞ்சினில் உட்காரவும் உட்காராது.

ஆக, போட்டி ஏஎக்ஸ்15-க்கும் என்வி3550-க்கும்தான். ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் ஏஎக்ஸ்15-க்குள்ளேயே இருக்கிறது: பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பது.

1993 வரை வந்த ஏஎக்ஸ்15-ல் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி, ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் கிடையாது. ஓடும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஒருநாள் கசியத்தான் செய்யும். கசிந்தால் பிரேக் ஆயில் உள்ளேயே சொட்டும், கிளட்ச் தட்டு நனைந்து வழுக்கலாம், பெடல் தரையோடு போய்விடும். அந்தச் சின்ன சீலுக்காக முன், பின் ப்ராப்பல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, குறுக்குச் சட்டத்தை இறக்கி, ட்ரான்ஸ்ஃபர் கேஸை எடுத்து, பிறகு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் இரண்டுக்கும் தலை வெளிப்பக்க டார்க்ஸ் என்ற நட்சத்திர வடிவம், இ12 சாக்கெட் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம். நீளமான எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று கோத்து, கீழே படுத்துக்கொண்டு பின்னாலிருந்து தடவித்தான் பிடிக்க முடியும்.

1994-லிருந்து ஸ்லேவ் சிலிண்டர் வெளியே வந்துவிட்டது. பெல் ஹவுசிங்கின் பக்கத்தில் இரண்டே நட்டு. உள்ளே ஒரு ஃபோர்க், அதை ஒரு கம்பி தள்ளும், அவ்வளவுதான். கசிந்தால் வெளியிலேயே ஈரம் தெரியும். வேறெதையும் இறக்காமல் மாற்றிவிடலாம். புதுசு வாங்கினால் கம்பியைப் பிடித்தபடி ஒரு பிளாஸ்டிக் பட்டி இருக்கும். அதை வெட்டாமல் அப்படியே மாட்டுங்கள், முதல் முறை பெடலை மிதிக்கும்போது அதுவே அறுந்துகொள்ளும்.

காடு, மலை என்று போகிற வண்டிக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. ஒன்று வழியிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை. இன்னொன்று வண்டியை இழுத்துக்கொண்டு வர வேண்டிய வேலை. பழைய வகைதான் கிடைத்தது என்றால், 1994-க்குப் பிந்தைய பெல் ஹவுசிங், ஃபோர்க், முன் பேரிங் ரீடெய்னர் ஆகியவற்றைத் தேடி வெளி ஸ்லேவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் பெட்டி தரையில்தான் கிடக்கப்போகிறது, அப்போதே செய்துவிடுவது நல்லது.

என்வி3550-க்கு ஸ்லேவ் வெளியேதான். முதல் கியரும் 4.01, கொஞ்சம் கூடுதல் பலம். கட்டுமானத்திலும் குறை சொல்ல முடியாது. நண்பர் வண்டியில் ஓட்டிப் பார்த்த அளவுதான் எனக்கு இதில் பழக்கம், அதனால் நீண்டகால உழைப்பு பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நியூட்ரலில் நிற்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வந்தது, கிளட்ச்சை மிதித்தால் அடங்கியது. எக்ஸ்ஜேயில் இரண்டே வருடம் வந்த பெட்டி என்பதால், துணைச் சாமான்களோடு முழு செட்டாகக் கிடைப்பதும் கஷ்டம்.

முழு செட் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கியர்பாக்ஸை மட்டும் வாங்கிவந்தால் பாதி வேலைகூட நடக்காது. பெடல் செட், மாஸ்டர் சிலிண்டர், பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், குறுக்குச் சட்டம், கியர் லீவர் உறை எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். ஃப்ளைவீலில் கவனம் தேவை. எஞ்சின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சார் பெல் ஹவுசிங்கில் இருந்தபடி ஃப்ளைவீலில் வெட்டிய பள்ளங்களைத்தான் பார்க்கிறது. பள்ளங்கள் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் இன்புட்டில் 21 பல்லா, 23 பல்லா என்று எண்ணிப் பாருங்கள். ஏஎக்ஸ்15-க்கு 23 வேண்டும், 1991-க்கு முந்தைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் 21 இருக்கும்.

வயரிங் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஏடபிள்யூ4-ன் கம்ப்யூட்டர் தனிப் பெட்டி, அதைக் கழற்றினாலும் எஞ்சின் ஓடும். நியூட்ரல் ஸ்விட்ச் வயரை கிளட்ச் பெடல் ஸ்விட்சுக்கு மாற்றிக் கொடுத்து, ரிவர்ஸ் விளக்கு வயரைப் புதுப் பெட்டிக்கு நீட்டினால் போதும். ஆயில் ஊற்றும்போது மட்டும் கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். ஏஎக்ஸ்15-க்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-3 தரம். ஜிஎல்-5-ல் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கலாம். என்வி3550-க்கு அதற்கென்றே தனி ஆயில் உண்டு, அதைத்தான் ஊற்ற வேண்டும்.