வீட்டுப் பட்டறைக்கு எந்த ரம்பம்? கிரைண்டர் முதல் டேபிள் சா வரை ஓர் அலசல்

மர வேலைக்கு மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் தவறாமல் கேட்பவை மூன்று: எத்தனை வாட், என்ன விலை, வாரன்டி உண்டா. வெட்டி முடித்து மெஷினைத் தூக்கினால் பிளேடு மூடிக்குள் போய்விடுமா, வெளியே நீட்டிக்கொண்டு சுற்றுமா என்று யாரும் கேட்பதில்லை. விரலைக் காப்பது அந்தக் கேள்விதான். கூடவே இன்னும் இரண்டு கேட்கலாம். பிளேடு மரத்தில் சிக்கினால் எது, எந்தப் பக்கம் பாயும்? சுவிட்சிலிருந்து விரலை எடுத்தால் மெஷின் நிற்குமா? வீடுகளில் புழங்கும் ரம்பங்களை இந்த மூன்று கேள்விகளில் நிறுத்திப் பார்த்தால், விலைப் பட்டியலில் தெரியாத வித்தியாசங்கள் தெரிந்துவிடும்.

கிரைண்டரில் பல் பிளேடு: இதைப் போட்டியிலேயே சேர்க்கக் கூடாது

நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். 40 பல் மரப் பிளேடு சில நூறு ரூபாய்தான். மாட்டினால் வெட்டவும் செய்யும். ஆனால் மாட்டும்போதே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. கிரைண்டர் வட்டு 100 மிமீ, அதன் துளை 16 மிமீ. மரப் பிளேடோ 110 மிமீ, துளை 20 மிமீ. துளையைச் சரிக்கட்ட ஒரு வளையம் போட வேண்டும். அது ஒழுங்காக உட்காராவிட்டால் பிளேடு மையம் தப்பி ஆடும். 100 மிமீ வட்டுக்குச் செய்த மூடிக்குள் 110 மிமீ பிளேடு நுழையாது. உடனே மூடியைக் கழற்றிவிடுவார்கள். அடியில் தாங்குபலகை கிடையாது, அதனால் வெட்டும் கோணம் மணிக்கட்டின் ஆட்டத்தை நம்பி இருக்கிறது. கை இம்மி சாய்ந்தால் பல்லின் பக்கவாட்டு மரத்தில் கொக்கிபோல் மாட்டும். கிட்டத்தட்ட 11,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 11,000 சுற்று) ஓடும் மெஷின் கையைவிட்டுத் துள்ளும். அப்போதும் அது நிற்காது, ஏனென்றால் பெரும்பாலான சிறிய கிரைண்டர்களில் ஒரு முறை தள்ளிவிட்டால், விரலை எடுத்த பிறகும் ஆனிலேயே இருக்கும் சுவிட்ச்தான். கழுத்து, தொடை, முன்கை என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கும்.

உரசித் தேய்க்கும் வட்டுக்காக வடிவமைத்த மெஷின் இது. பல் கடிக்கும், வட்டு கடிக்காது. செயின் சுற்றிய மர வட்டுகளும் இணையத்தில் விற்கிறார்கள். அவை இன்னும் மோசம். இதற்கு மேல் இந்த மெஷினுக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை.

நான்கு அங்குலக் கட்டரா, ஏழு அங்குல சர்குலர் சாவா?

உண்மையான போட்டி இங்கேதான். கடையில் ‘வுட் கட்டர்’ என்று எடுத்துக் காட்டும் 110 மிமீ மெஷின் பிறப்பால் மார்பிள் கட்டர். டைல்ஸ், கிரானைட் அறுக்கச் செய்தது. இரண்டு மூன்று ஆயிரம் ரூபாயில் கிடைப்பதால் ஆசாரிகளும் புதிதாகப் பழகுகிறவர்களும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மரம் அறுக்கவென்றே செய்த 185 மிமீ வட்ட ரம்பமான சர்குலர் சாவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு கொடுக்க வேண்டும், எடையும் கூடுதல். சிறியது ஆபத்து குறைவு என்று தோன்றும். கணக்குப் போட்டால் தலைகீழாக வரும். 110 மிமீ பிளேடு 12,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் பல் நுனியின் வேகம் நொடிக்கு 69 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி. 185 மிமீ பிளேடு 5,500 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 53 மீட்டர், மணிக்கு 190 கிலோமீட்டர் சொச்சம். பெரிய பிளேடின் பல்தான் நிதானமாக ஓடுகிறது.

வேகத்தைவிட முக்கியம் அடிமூடி. சர்குலர் சாவின் கீழ்ப்பாதியை ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி மறைத்திருக்கும். மரத்துக்குள் நுழையும்போது பின்னால் மடங்கும், வெளியே வந்ததும் ‘டப்’ என்று மூடிக்கொள்ளும். பிளேடு சிக்கி மெஷின் பின்னால் எகிறினாலும் தொடையில் படுவதற்குள் மூடிக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது. கட்டரில் மேல்பாதிக்கு மட்டும் அசையாத மூடி. கீழே பிளேடு எப்போதும் அம்மணம். வெட்டிய கையோடு தரையில் வைத்தால், நிற்கும் வரை சுற்றிக்கொண்டே உருண்டு காலை நோக்கி வரும்.

மூன்றாவது வித்தியாசம் சுவிட்ச். கட்டரில் சுவிட்சை அழுத்தி, பக்கத்திலுள்ள பொத்தானைத் தட்டினால் ‘லாக்’ ஆகிவிடும். நீளமாகத் தரை அறுப்பவருக்கு வசதி, மரம் வெட்டுகிறவருக்கு வினை. நல்ல சர்குலர் சாவில் இது நேர் எதிர்: பொத்தானை அழுத்தினால்தான் சுவிட்சே இறங்கும், விட்டால் நின்றுவிடும். கரண்ட் போய்விட்டு வரும் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். லாக் போட்ட கட்டரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கரண்ட் வந்ததும் அது தானே எழுந்து ஓடும். மின்சாரம் தடைபட்டால் பிளக்கைப் பிடுங்குவது எந்த மெஷினுக்கும் கட்டாயம்.

கட்டருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எடை குறைவு, ஒரு கையால் தூக்கலாம், 6 மிமீ, 9 மிமீ ஷீட்டுகளில் சுத்தமாக வெட்டும். ஆனால் அந்த ‘ஒரு கையால்’ என்பதுதான் மறு கையைப் பலகைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறது. சர்குலர் சாவில் முன்னால் ஒரு கைப்பிடி இருக்கிறது. இரண்டு கையும் மெஷினில் இருந்தால் வெட்டுப்பட மூன்றாவது கை கிடையாது.

ஆக, சர்குலர் சா. ஆனால் அடிமூடி வேலை செய்தால் மட்டும். பட்டறைகளில் மூடியைப் பின்னால் இழுத்துக் கம்பியால் கட்டியோ, சிறு ஆப்பு அடித்தோ வைத்திருப்பதைப் பார்க்கலாம். அப்படிச் செய்த நிமிடத்தில் அது பெரிய கட்டராகிவிட்டது. மூடி மக்கர் செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் பிசினும் மரத்தூளும் சேர்ந்து அச்சில் அடைத்துக்கொள்வதுதான். பிளக்கைப் பிடுங்கி, பழைய டூத் பிரஷால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். தினமும் வேலை தொடங்கும் முன், பிளக் இல்லாமல், மூடியின் நெம்புகோலை முழுக்கப் பின்னால் இழுத்து விடுங்கள். பாதியில் நின்றாலோ மெதுவாக வந்தாலோ அன்று வெட்ட வேண்டாம். கடையில் வாங்கும்போதும் இதே சோதனைதான்.

எட்டுக்கு நாலு அடி ஷீட்டை வெட்டும் முறை

சர்குலர் சா விபத்துகளில் பெரும்பங்கு கிக்பேக், அதாவது சிக்கிய மெஷின் பின்னோக்கித் துள்ளுவது. ஷீட்டின் இரு முனையையும் ஸ்டூலில் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு ஆழமாக ஆழமாக நடு தொய்ந்து பிளவு மூடிக்கொள்ளும். பிளேடு இறுகும். மோட்டாரின் வேகத்துக்கு வேறு போக்கிடம் இல்லாததால் மெஷின் பிளவிலிருந்து ஏறிப் பின்னால் நிற்பவர் மேல் பாயும்.

அதனால் ஷீட்டைத் தரையில் போடுங்கள். அடியில் 2 அங்குலத் தெர்மக்கோல், அல்லது வெட்டுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு ரீப்பர்கள் (மெல்லிய மரச் சட்டங்கள்). இரண்டு துண்டும் வெட்டி முடிந்த பிறகும் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். பிளேடு ஆழம் 18 மிமீ பிளைவுட்டுக்கு 23 மிமீ போதும். பல் ஒன்று முழுதாகக் கீழே தெரிந்தால் சரி. ஆழத்தை முழுக்க இறக்கி வைத்தால் சிக்கும் பரப்பும் அதிகம், தொடையில் இறங்கும் ஆழமும் அதிகம். நேராக வர ஒரு அலுமினியச் சேனலை இரண்டு சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டித் தள்ளுங்கள். கைவாக்கில் வெட்டினால் கோடு வளையும், வளைந்தால் பிளேடு உரசும், உரசினால் சிக்கும்.

வயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பிளக் ஷீட்டின் மூலையில் மாட்டி, வெட்டின் நடுவில் மெஷினைச் சுண்டி இழுப்பது அடிக்கடி நடக்கும். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே மரத்தைத் தொட வேண்டும். உடம்பு வெட்டுக்கோட்டுக்கு நேர் பின்னால் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்க வேண்டும். சத்தம் இறங்கி மோட்டார் திணறினால் தள்ளாதீர்கள். சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பின் எடுங்கள். சுற்றும் பிளேடைப் பிளவுக்குள்ளேயே பின்னோக்கி இழுப்பது கிக்பேக்கை நாமே வரவழைப்பது. மரம் கருகினால் பெரும்பாலும் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். பிளைவுட்டுக்கு 40 முதல் 60 பல், கெட்டி மரத்தை நீளவாட்டில் பிளக்க 24 பல்.

ஒன்றிரண்டு அலமாரிதான் செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த மெஷினே தேவையில்லை. பல பிளைவுட் கடைகளிலும் மாடுலர் கிச்சன் பட்டறைகளிலும் முழு ஷீட்டை வெட்டும் பெரிய மெஷினான பேனல் சா இருக்கிறது. அளவு எழுதிக் கொடுத்தால் ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நூல் பிடித்தாற்போல் வெட்டித் தருவார்கள். இந்த ஒப்பீட்டில் பாதுகாப்புக்கு முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

ஜிக்சா: மெதுவானது, மன்னிப்பது

ஜிக்சாவின் பிளேடு சுற்றுவதில்லை, மேலும் கீழும் போகிறது. அதனால் மெஷின் எகிறிப் பாய்வது கிடையாது. சிக்கினால் தடதடவென்று உதறும், அல்லது பிளேடு ஒடியும். பாதுகாப்புக் கண்ணாடி போட இதுவே காரணம். சுவிட்சை விட்டதும் கிட்டத்தட்ட உடனே நின்றுவிடும். பழகுகிறவருக்கு முதல் மெஷின் இதுதான். டி101பி பிளேடு சுத்தமான வெட்டுக்கு, டி144டி வேகமான வெட்டுக்கு. இரண்டும் பல ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

குறை இரண்டு. தடித்த மரத்தில் பிளேடு வளைந்து, மேலே நேராகவும் கீழே கோணலாகவும் வெட்டும். இன்னொன்று ஆபத்தானது: வெட்டும் பிளேடு பலகைக்குக் கீழே கண்ணில் படாமல் ஓடுகிறது. கிளாம்ப் போடச் சோம்பல்பட்டுப் பலகையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் விரல்தான் இதில் போகும். ஜிக்சாவோடு இரண்டு கிளாம்ப் வாங்காதவர் பாதி மெஷினைத்தான் வாங்கியிருக்கிறார்.

டேபிள் சா: கடையில் வாங்கியதும் நாமே செய்ததும்

இதுவரை சொன்னவற்றில் மெஷின் நகர்ந்தது. டேபிள் சாவில் பிளேடு மேசைக்கு மேலே நீட்டியபடி ஒரே இடத்தில் சுற்றும், மரத்தோடு சேர்ந்து கையும் அதை நோக்கி நகர்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில் 2015இல் மட்டும் டேபிள் சா பிளேடு பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 30,000க்கு மேல். இதற்கு மருந்தாக ஸ்டீஃபன் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்ததுதான் ‘சாஸ்டாப்’ முறை. பிளேடில் ஒரு மின் சமிக்ஞை ஓடும். தோல் பட்டதும் சமிக்ஞை மாறும். ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். விரலில் கீறல், பிளேடும் பிரேக்கும் குப்பைக்கு. ஆனால் இதன் விலை பொழுதுபோக்குக்கு மர வேலை செய்பவருக்கு எட்டாது.

எட்டக்கூடிய 10 அங்குல மெஷினிலும் ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு: பிளேடுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் ‘ரைவிங் நைஃப்’ என்ற தகடு. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேலெழும்பி வருகின்றன. வெட்டிய மரம் சுருங்கி அவற்றைப் பிடித்தால், பலகையைத் தூக்கி நின்றிருப்பவர் வயிற்றில் எறியும். பிளவு மூடாமல் பார்த்துக்கொள்வதே அந்தத் தகட்டின் வேலை. இடைஞ்சல் என்று அதைக் கழற்றுகிறவர்கள் மெஷினின் பாதி விலையைக் கழற்றி வைக்கிறார்கள். 150 மிமீக்குக் குறைந்த அகலம் என்றால் கையால் தள்ளாமல் தள்ளுகட்டை.

இனி, பிளைவுட் மேசைக்கு அடியில் சர்குலர் சாவையோ கட்டரையோ தலைகீழாகத் திருகி ‘டேபிள் சா’ ஆக்கும் வித்தை. வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். அடிமூடி கட்டப்பட்டிருக்கும், சுவிட்சில் டேப் சுற்றியிருக்கும், ரைவிங் நைஃப் இருக்காது, மரத்தை நேராக ஒட்டித் தள்ளும் வேலியாக ஒரு கோணல் ரீப்பர். அவசரத்தில் நிறுத்த மேசைக்கு அடியில் கையை விட வேண்டும். பிளேடும் அங்கேதான் இருக்கிறது. கிரைண்டருக்கு அடுத்தபடியாக ஒதுக்க வேண்டியது இது.

ரீப்பர், பீடிங், சட்டம் மட்டும் துண்டு போடுபவருக்கு மைட்டர் சா போதும். மரம் அசையாது, பிளேடு மேலிருந்து இறங்கும், மூடி தானே மூடும். பிளேடிலிருந்து 150 மிமீ தள்ளிப் பிடியுங்கள். பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள், இல்லாவிட்டால் வெட்டிய சிறு துண்டு தெறிக்கும்.

எதை வாங்கினாலும்

1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். எனவே 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், 2.5 சதுர மிமீ வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). ரீலில் சுற்றிய வயரை முழுக்கப் பிரித்துவிடுங்கள், சுருளாகவே இருந்தால் சூடேறும். மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். திணறும் மெஷினைத்தான் நாம் அழுத்தித் தள்ளுவோம்.

சுற்றும் பிளேடு உள்ள மெஷினில் கையுறை வேண்டாம். நூல் ஒன்று மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும். லுங்கி, துண்டு, தொங்கும் சங்கிலி எல்லாம் அதே கணக்கு. செருப்புக்குப் பதில் ஷூ. கண்ணாடியும் காது மூடியும் சொல்லத் தேவையில்லை. மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 வேண்டும், எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது கட்டாயம்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஜிக்சாவும் கிளாம்புகளும், பிறகு 185 மிமீ சர்குலர் சா, வேலை அதிகமானால் மைட்டர் சா, இடமும் பழக்கமும் கூடிய பிறகு ரைவிங் நைஃப் உள்ள டேபிள் சா. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கட்டர் டைல்ஸுக்கே இருக்கட்டும்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி, 108ஐ அழையுங்கள். துண்டான விரலைக் கழுவித் தேய்க்காமல், ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகச் சதையில் பட்டால் திசு கெட்டுவிடும். எல்லா மருத்துவமனையிலும் விரலை ஒட்டவைக்க முடியாது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு, கோவையில் கங்கா மருத்துவமனை போன்ற இடங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மைக்ரோ சர்ஜரி எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து, அதன் எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள்.