எண்ணும் ஜாடி, திருட்டுப் பூனை, மண் உண்டியல்: எதில் காசு நிற்கும்?

உண்டியல் வாங்கப் போனால் இன்று மூன்று வகை கண்ணில் படும். மூடியில் தொகை காட்டும் டிஜிட்டல் ஜாடி, தட்டில் காசு வைத்ததும் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து அள்ளிக்கொள்ளும் பூனை, குயவர் வனைந்த மண் உண்டியல். முதல் இரண்டிலும் நாம் விலை கொடுப்பது காசு போடும் அந்த இரண்டு நொடி வேடிக்கைக்கு.

இந்த வியாபாரம் பழையது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வார்ப்பிரும்பு இயந்திர உண்டியல்கள் பெருகின. ஜே. அண்ட் இ. ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1870களில் விற்ற ‘டம்மனி பேங்க்’கில், நாற்காலியில் அமர்ந்த பருத்த அரசியல்வாதியின் கையில் காசு வைத்தால், அதன் எடையிலேயே கை தாழ்ந்து காசைச் சட்டைப்பைக்குள் போடும். நியூயார்க்கின் லஞ்ச அரசியலைச் சாடிய பொம்மை அது. பேட்டரி கிடையாது, அதனால்தான் இன்றும் ஓடுகிறது.

டிஜிட்டல் ஜாடி நம் ஊருக்குச் சரிவராது. காசு நுழையும்போது துளையில் உள்ள சிறு நெம்புகோல் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து விட்டத்தை ஊகித்து மதிப்பைக் கூட்டுகிறது. அமெரிக்கக் காசுகள் ஒவ்வொன்றும் வேறு விட்டம் என்பதால் அங்கே கணக்கு சரியாக வரும். இங்கே 2019 வரிசை 2 ரூபாயும் 2011 வரிசை 5 ரூபாயும் ஒரே 23 மி.மீ. 2011 வரிசை 2 ரூபாயும் 2019 வரிசை 5 ரூபாயும் 25 மி.மீ. 10 ரூபாயும் 20 ரூபாயும் 27 மி.மீ. விட்டத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை. பேட்டரி மாற்றினால் பல ஜாடிகளில் தொகை பூஜ்யமாகிவிடும். மூடியைத் திருகினால் திறந்துவிடும் என்பது இன்னும் பெரிய குறை: எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், எடுக்கவும் தடையில்லை.

பூனைக்குச் சிறு காசுதான் சிக்கல். புதிய 1 ரூபாய் 3.09 கிராம்தான், தட்டின் சுவிட்ச் இறங்காவிட்டால் விரலால் அழுத்த வேண்டும். குழந்தை பூனையின் கையைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயும். பிறகு மோட்டார் உறுமும், பூனை எழாது. விளையாடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்து வெண்பொடி படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடலாம்.

ஏடிஎம் வடிவில் வரும் பொம்மை உண்டியலோ ரகசிய எண் போட்டுப் பணம் எடுக்கத்தான் பழக்குகிறது. அதை விட்டுவிடுங்கள்.

மண் உண்டியலில் எடுக்க ஒரே வழி உடைப்பதுதான். அந்தத் தயக்கமே பூட்டு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். களிமண் காயும்போதும் சூளையிலும் சுருங்குவதால், ஈரத்தில் அளவாகக் கீறிய வாய் சுட்டபின் குறுகிவிடும். மேலே பெயிண்ட் வேறு அடைக்கும். கடையிலேயே ஒரு 10 ரூபாய் காசை வாயில் நுழைத்துப் பாருங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம். வாய் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் கவிழ்த்து, மெல்லிய தகட்டில் காசைச் சறுக்கி எடுத்துவிடலாம். நோட்டு போடாதீர்கள், ஈரம் ஏறும். உடைக்கும்போது கோணிப்பைக்குள் வைத்து, சுத்தியலால் அடிப்பக்கத்தில் தட்டினால் சில்லு சிதறாது.

குழந்தைக்கு வேடிக்கையும் வேண்டுமென்றால் பூனையை வாங்கி, மாதம் ஒருமுறை அதன் அடிமூடியைத் திறந்து, காசையெல்லாம் மண் உண்டியலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.