கொழிஞ்சாம்பாறை மேடையில் ஜோன்ஸ்டவுன்

பாலக்காட்டின் எல்லையோரத் தமிழ்ப் பகுதியான கொழிஞ்சாம்பாறையில் உள்ளூர்க் குழுவொன்று மேடையேற்றிய இந்த ஆவண நாடகம், 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்க நாடான கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டதை, உயிர் பிழைத்தோரின் வாக்குமூலங்கள் வழியாகவே சொல்கிறது.

சாவிலிருந்து தொடங்காமல் நம்பிக்கையிலிருந்து தொடங்குவதே இதன் பெரும்பலம். மதபோதகர் ஜிம் ஜோன்ஸ் 1950களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நிறுவிய மக்கள் ஆலயம் என்னும் மதக்குழு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வழிபடுவது அரிதாயிருந்த காலத்தில் இருவரையும் ஒன்றாக அமர்த்தியது, முதியோரைப் பேணியது, பசித்தோருக்கு உணவிட்டது என்பதை முதற்பாதி பொறுமையாக நிறுவுவதால், பின்னாளில் கலிஃபோர்னியாவிலிருந்து அவரை நம்பி, கயானாக் காட்டில் அக்குழு அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்புக்குப் போனவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட நம்மால் முடிவதில்லை. சமபந்திக்காக இன்றும் ஏங்குவோர் உள்ள நம் ஊர்களில் இப்பகுதி ஆழமாகத் தைக்கிறது.

ஜோன்ஸ்டவுனைப் பார்வையிட வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் அருகிலிருந்த விமான ஓடுதளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது, அதுவும் சரியே. இறந்தவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறார்கள், சயனைடு கலந்த பானம் முதலில் புகட்டப்பட்டது அவர்களுக்கே என்பதை ஒரு நடிகை குரல் உயர்த்தாமல் கூறுகையில், நிகழ்ந்தது கொலை என்பது ஐயமின்றி விளங்குகிறது.

மொழியாக்கம் சில இடங்களில் விறைப்பாக உள்ளது. பின்வரிசைக்குக் குரல் தெளிவாக எட்டவில்லை. முன்வரிசையில் அமருங்கள், சிறுவர்களை அழைத்து வர வேண்டாம்.