பத்திரகாளி அம்மன் கோயிலடிப் பூக்கடையில கலியாண மாலை எடுத்த கதை

தங்கச்சிட கலியாணத்துக்கு மாலை எடுத்தது திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கிட்ட, உள்வீதியில இருக்கிற சின்னப் பூக்கடையில. பெரிசா போர்ட் ஒண்டும் இல்ல, வாசல்ல வாளிக்குள்ள தாமரை நிக்கிறதைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கவேணும்.

நான் போன உடன வெள்ளை ரோசா மாலைதான் வேணுமெண்டு நிண்டனான். கடைக்கார அக்கா ஓமெண்டு அட்வான்சை வாங்கிப் போடேல்ல. "தம்பி, ரோசா நுவரெலியாப் பக்கமிருந்து வாறது, அவ்வளவு தூரம் அலைஞ்சு வந்து இஞ்சத்த வெக்கையில இறங்கினா இதழ் விளிம்பு கறுத்துப்போகும், வெள்ளையில அது அப்பிடியே தெரியும், மல்லிகையில கட்டி இடையில சிவப்பு ரோசா வைப்பம்" எண்டா. விக்கிற ஆளே வேண்டாமெண்டு சொன்னது எனக்கு அந்த இடத்திலயே பிடிச்சுப்போச்சு. ஏனெண்டா அண்ணாட கலியாணத்துக்கு வேறொரு கடையில முழுக்காசும் குடுத்து எடுத்த மாலை தாலி கட்டுற நேரமே இதழ் கொட்டத் தொடங்கி, அம்மா இண்டைக்கு வரைக்கும் அந்த அல்பத்தைத் திறக்கிறதே இல்ல.

மல்லிகையை மொட்டாவே முதல்நாள் பின்னேரம் வாழைநார்ல கட்டி, ஈரத்துணி சுத்திப் பிரிட்ஜில வச்சிருந்தவா. வெளிய வச்சா ராவே விரிஞ்சு காலமை பழுப்படிச்சிருக்கும். அர்ச்சனைத் தட்டும் விக்கிற கடைதானே, வாழைப்பழம் குலையாத் தொங்குது, ஆனா பூ வைக்கிற பிரிட்ஜுக்குள்ள ஒரு பழம் போக விடமாட்டா. பழுக்கிற பழத்தில இருந்து வாற எத்திலீன் வாயு பூவைக் கெதியா வாட வச்சிடும், அது தெரிஞ்சு கடை நடத்துற ஆள். காலமை முகூர்த்தத்துக்குப் போட்ட மாலை மத்தியானச் சாப்பாடு முடியிற வரைக்கும் வாசமா வடிவா இருந்தது.

விலை எழுதித் தொங்கவிடேல்ல, பில்லும் கேட்டாத்தான் தருவா, அது எனக்குச் சரியாப் படேல்ல. எவ்வளவுக்குப் பேசினது, எத்தனை மணிக்கு எடுக்கிறது எண்டு கொப்பித்தாளிலயாவது எழுதி வாங்குங்கோ. பொக்கே எண்டா இந்தக் கடை வேண்டாம், அவவிட கை மாலைக்குத்தான்.

கோணேசர் கோயிலுக்குப் போற நாளிலயும் இப்ப தாமரை இஞ்சதான் வாங்குறன், கேட்டா இதழ் மடிச்சும் தருவா. கலியாண ஓடருக்கு வெள்ளிக்கிழமை காலமையில போகாதீங்கோ, நவராத்திரி நாளிலயும் வேண்டாம், அவவுக்கு நிமிர்ந்து பாக்கவும் நேரம் இருக்காது.