சேசியை இறுக்குவதா, பாரை இறுக்குவதா? மூன்று கேம்கள், மூன்று வழிகள்

விசுவமடுவில் நெல் ஏற்றி இறக்கும் என் மச்சானிடம் ஒரு பட்டா, அதாவது சின்ன லொறி, இருக்கிறது. ஒருநாள் வெறும் பெட்டியோடு அது வாய்க்கால் கட்டில் சரிவாக ஏறியபோது நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். முன் சில்லு ஒன்று மேலே ஏறியதும் கேபின் ஒரு பக்கம் சாய்ந்தது, பெட்டி மறுபக்கம் சாய்ந்தது. கட்டைத் தாண்டியதும் இரண்டும் பழையபடி நேராகின. சேசி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், முறுகுவது என்றால் அதுதான். பல வருடமாக ரேஸ் கேம் விளையாடியும் எனக்கு விளங்காத ஒன்று அந்த ஐந்து செக்கனில் விளங்கியது.

கேமில் எல்லோரும் முதலில் தொடுவது அன்டி-ரோல் பாரைத்தான்; இடது சில்லையும் வலது சில்லையும் இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி அது. முன் பாரை இறுக்கினால் வளைவில் முன் ரயர்கள் முந்திப் பிடி விடும், வண்டி திரும்ப மறுக்கும். பின் பாரை இறுக்கினால் வால் வெளியே போகப் பார்க்கும். சரி, ஆனால் இந்தக் கணக்கு வேலை செய்ய முன்னையும் பின்னையும் இணைக்கிற உடம்பு விறைப்பாக இருக்க வேண்டும். நூலேணியின் ஒரு முனையைத் திருகினால் மறுமுனைக்குச் சேதி போகாது. மர ஏணியில் உடனே போகும். சேசி நூலேணியாக இருந்தால் பாரில் நீங்கள் போட்ட எண்ணில் பாதியைச் சேசியே விழுங்கிவிடும். 1962இல் லோட்டஸ் 25 குழாய்ச் சட்டத்தை விட்டுவிட்டு உடம்பே சட்டமாக இருக்கும் மொனோகொக் அமைப்போடு போர்முலா 1க்கு வந்ததன் பின்னால் இருந்ததும் இந்தக் கணக்குத்தான்.

இதை மூன்று கேம்கள் மூன்று விதமாகக் கையாளுகின்றன.

போர்ஸா ஹொரைசன் 5இல் சேசி இறுக்கம் என்பது கடையில் வாங்கும் சாமான். ஸ்ட்ரீட், ஸ்போர்ட், ரேஸ் என்று படிகள் உண்டு; ரேஸ் படியில் ரோல் கேஜே, அதாவது காருக்குள் பூட்டும் குழாய்க் கூடே, வந்துவிடும். பிடிக்காவிட்டால் கழற்றலாம். ஆனால் எடை ஏறும், எடை ஏறுவதால் பிஐ எண், அதாவது காரின் திறனுக்குக் கேம் போடும் புள்ளி, பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். கெட்டிக்காரர்கள் அந்த இறக்கத்தைத்தான் பாவிக்கிறார்கள்: ஏ வகுப்பின் எல்லை 800 என்றால், கேஜ் போட்டு மிச்சம் பிடித்த எண்ணில் நல்ல ரயர் வாங்குவார்கள். அதாவது கேஜ் வாங்குவது விறைப்புக்காக இல்லை, கணக்குச் சரிக்கட்ட. எனக்கு இது கொஞ்சம் கூத்தாகப் படுகிறது. கையாளுகையை உண்மையில் மாற்றுவது ரேஸ் பார் வாங்கினால் திறக்கும் 1 முதல் 65 வரையான அளவுகோல்தான். முன்னைக் குறைத்து, பின்னைக் கூட்டி, இரண்டு வளைவு ஓடிப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். கேஜைப் போட்டும் கழற்றியும் ஓடிப் பார்த்தேன், எடையைத் தவிர வேறொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்று, 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும். கிளிநொச்சியில் ரூட்டர் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் இரவு டேட்டாவை எண்ணி எண்ணித்தான் இறக்க வேண்டிவரும்.

கிரான் டூரிஸ்மோ 7 கண்டிப்பான ஆள். உடம்பு விறைப்பைக் கூட்டும் வேலையை ஒரு காருக்குச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. அதனால் முன்னும் பின்னும் ஒப்பிட அதே காரை இரண்டாவது தரம் வாங்க வேண்டும். நல்ல பக்கம், ஸ்பிரிங்கின் விறைப்பை இங்கே ஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை ஆடும் என்று சொல்கிறார்கள், எடை வேறான கார்களைக்கூட ஒரே கண்ணால் பார்க்கலாம். பார் 1 முதல் 10 வரைதான், அது போதும். இணையம் அறுந்தால் கேமின் பெரும்பகுதி ஓடாது என்பது வன்னிக்குப் பொருந்தாத குணம். மழைக் காலத்தில் கறன்ட் போய்ப் போய் வரும் நாட்களில் நான் இதைத் திறப்பதே இல்லை.

பீம்என்ஜி டிரைவ் வேறு சாதி. இங்கே சேசி என்பது ஒரு எண் இல்லை; நூற்றுக்கணக்கான முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் தண்டுகளும். ஒவ்வொரு தண்டும் ஒரு ஸ்பிரிங்; அதை நொடிக்கு 2000 தடவை கணக்கிடுகிறார்கள். கவ்ரில் டி-சீரிஸ் பிக்கப்பை எடுத்து ஒரு சில்லை மேட்டில் ஏற்றி, ஓட்டத்தை மெதுவாக்கிப் பாருங்கள். கேபின் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். வாய்க்கால் கட்டில் பார்த்த அதே காட்சி.

பாகம் மாற்றும் பட்டியலில் பல வண்டிகளுக்கு ரோல் கேஜ் உண்டு, போட்டால் உடம்பில் புதிய தண்டுகள் சேர்ந்து உண்மையாகவே விறைக்கும். அதற்கு மேலும் வேண்டும் என்றால் வண்டியின் முடிச்சும் தண்டும் எழுதியிருக்கும் ஜேபீம் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றலாம், நோட்பாட் போதும். நான் ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு சட்டத்தின் பீம்ஸ்பிரிங் (தண்டின் விறைப்பு) எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் கூடப் போட்டுவிட்டேன். வண்டி வந்து நின்றதும் குளிர்க் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது, பிறகு கதவு ஒரு திசை, பொனற் ஒரு திசை என்று பறந்தது. முடிச்சுகள் பாரம் குறைவாக இருக்க, தண்டு அளவுக்கு மேல் விறைத்தால் கணக்கே நிலை குலைந்துவிடும். விறைப்பு வேண்டுமென்றால் எடையும் கொடு என்கிறது கேம். வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடிப்பவரும் இதையே கேட்பார், அவர் காசும் சேர்த்துக் கேட்பார் என்பதுதான் வித்தியாசம்.

விறைப்பு எப்போதும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். கோ-கார்ட்டில் சஸ்பென்ஷனே இல்லை, சேசி முறுகித்தான் உள்பக்கப் பின் சில்லு தரையை விட்டுக் கிளம்பும், அதனால்தான் கார்ட் திரும்பும். அதை இறுக்கினால் நேரே போய் வேலியில் முட்டும்.

என் தெரிவைக் கேட்டால்: வகுப்பு எல்லைக்குள் ஓன்லைனில் மோதுவதற்குப் போர்ஸா, பாரையும் ரயரையும் பார்த்தால் போதும், கேஜ் கணக்குக்கு மட்டும். பிளேஸ்டேஷன் வைத்திருந்து ஒரு காரை மாதக்கணக்கில் பழகுபவருக்கு கிரான் டூரிஸ்மோ, பாரில் திருப்தி வந்த பிறகுதான் விறைப்பு வாங்க வேண்டும். ஏன் இப்படி நடக்கிறது என்று தோண்டிப் பார்க்கிற குணம் இருந்தால் பீம்என்ஜி. அது இணையம் இல்லாமலும் ஓடும். வளைவுகளிலே நேரம் சேமிப்பதில் மற்ற இரண்டும் அதை மிஞ்சலாம், அந்தக் கவலை எனக்கு இல்லை.

போன ஞாயிறு மச்சானைக் கூப்பிட்டு டி-சீரிஸை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தவர், "சட்டம் முறுகிறது சரிதான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதில நாப்பது மூட்டை ஏத்திப் பாக்கேலாதோ?" என்று கேட்டார்.