சத்துவாச்சாரி தள்ளுவண்டியும் பிரண்டைத் துவையலும்

கடைக்குப் பெயர் கிடையாது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எலும்பை இரும்பாக்கும் மூலிகை உணவு’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஃபிளெக்ஸ். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் வண்டி நிற்கும். அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி ஃபிளெக்ஸைக் கண்டால் ஒதுங்கிப் போவதுதான் வழக்கம். என் மனைவிக்கு, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8 என்று வந்ததும் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். (மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்பு மெலிவு நோய்.)

முதலில் துவையல். அந்தக் கடைக்குப் போக அது ஒன்றே போதும். இளந்தண்டாகப் பொறுக்கி, கணுவை ஒடித்து நாரை உரித்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் போகும்வரை வதக்குகிறார் கடைக்கார அம்மா. புளி கொஞ்சம் தூக்கல், வறுத்த உளுத்தம்பருப்பு வாசம், காரம் மெதுவாகப் பின்னால் வருகிறது. தொண்டையில் அரிப்பே இல்லை. பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கையையும் நாக்கையும் அரிக்க வைப்பது அதுதான். அரைகுறையாக வதக்கிய துவையலை வேறொரு இடத்தில் சாப்பிட்டுவிட்டு ராத்திரியெல்லாம் செருமிக்கொண்டிருந்தது தனிக்கதை.

“பிரண்டையில கால்சியம் கொட்டிக் கிடக்குது சார்” என்றார் அம்மா. கிடக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஆக்சலேட் பூட்டி வைத்த கால்சியத்தைக் குடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. பாலக்கீரையிலும் இதே சங்கதிதான். பாலில் உள்ள கால்சியத்தில் கால்வாசியாவது உடம்பில் சேரும். பாலக்கில் சேருவது சுமார் 5 சதவீதம்.

பிரண்டையில் வேலை செய்வது கால்சியம் இல்லை, அதிலுள்ள வேறு தாவரப் பொருட்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 1960களிலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் ஜி. பிரசாதும், எலும்பு முறிந்த விலங்குகளுக்குப் பிரண்டை கொடுத்துப் பார்த்து, எலும்பு சீக்கிரம் கூடுகிறது என்று எழுதினார்கள். அதற்கப்புறம் எலிகளிடம் நிறையச் சோதித்தாயிற்று. மனிதர்களிடம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். இரும்பு கிரும்பு என்று ஃபிளெக்ஸ் அடிக்க அது போதாது. இதை அம்மாவிடமே சொன்னேன். “அப்ப போர்டை எடுத்துடட்டுமா சார்?” என்று சிரித்தார். எடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எலும்புக்கு உண்மையில் கைகொடுக்கிற பண்டத்துக்கு அந்த ஃபிளெக்ஸில் இடமே இல்லை. அது முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. களியும் கூழும் தின்று வளர்ந்த வடாற்காட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் அதில் ஒரு துளிதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்). இரண்டு அடை சாப்பிட்டால் அதில் கணிசமான பங்கு தட்டுக்கு வந்துவிடுகிறது. கேழ்வரகிலும் ஃபைட்டேட் என்று ஒன்று கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்த அம்மா முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவில் சுடுகிறார். முளைக்கும்போது ஃபைட்டேட்டில் ஒரு பகுதி சிதைந்துவிடும். எதற்கு முளைகட்டுகிறீர்கள் என்று கேட்டால் “அப்பதான் இனிக்கும்” என்கிறார். காரணம் எதுவாக இருந்தால் என்ன, செய்வது சரி. அடை ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடலாம்.

முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய. எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள இந்த வைட்டமின் தேவை. ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை மருந்தகத்துக்காரனாகச் சொல்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும் இங்கே சாப்பிடுகிறார்கள். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மாத்திரையின் வேகமே மாறிப்போகும். ஃபிளெக்ஸில் எழுதவேண்டியது இதுதான்.

முடவாட்டுக்கால் சூப் நாற்பது ரூபாய். கொல்லிமலைப் பாறையில் ஒட்டி வளரும் பெரணிக் கிழங்கு, பார்க்க ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். இதன் சீனத்துச் சொந்தம் ஒன்றை அங்கே எலும்பு முறிவுக்குக் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். பம்ப்ளிமாசுக்குக் கசப்பைக் கொடுக்கும் நரிஞ்சின் அதில் இருக்கிறது. எல்லாம் சரி, டம்ளரில் எனக்குக் கிடைத்தது மிளகும் சீரகமும்தான். சளிக்குக் குடிக்கலாம். நாற்பது ரூபாய் அதிகம்.

சனிக்கிழமை சோயா சுண்டல் உண்டு. சோயாவிலுள்ள ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரப் பொருட்கள், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக வேலை செய்யும். மாதவிடாய்க்குப் பின் எலும்புத் தேய்மானத்தை அவை தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகள் ஆளுக்கொரு முடிவு சொல்கின்றன. புரதத்துக்காகச் சாப்பிடலாம், தேங்காய் தாராளம். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, டாக்டர் எழுதிய மாத்திரையையும் அடையையும் மட்டும் விடாமல் எடுத்துக்கொள்கிறாள்.

துவையல் பார்சல் வாங்குவதானால் டப்பா கொண்டு போங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் கவர்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது. ஆறரைக்குள் போனால் அடை கல்லிலிருந்து நேராகக் கிடைக்கும். அதற்குமேல் டியூஷன் பிள்ளைகள் கூட்டம், கால்மணி நேரம் நிற்கவேண்டும். பாதிப் பேர் முட்டிவலிக்காரர்களாக வரும் கடையில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.